அருளுக்குக் கிடைத்த வேட்டி

விடிந்ததிலிருந்து அபிக்கு ஒரே பதற்றம். இட்லி இறங்கவில்லை. காப்பியும் இறங்கவில்லை. இருக்காதா பின்னே? குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தில் சிலுவையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போகப்போவது இந்த வருடம் அவள்தான்! ஞாயிறு பள்ளி லீடருக்கு மட்டுமே உரிய சிவப்புத் துண்டு அவள் தோளில் கிடந்தது.

அபியின் அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. “நைட் ஷிப்ட் முடிச்சு வூட்டுக்குக்கூட வராம ரவுண்டானாகிட்ட நிப்பேன். என் பொண்ணுதான் முன்னாடி வரும்னு கூட வேலை செய்யறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்று நேற்றே சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டபிறகு பதற்றம் இரண்டு மடங்காகிவிட்டது. சிலுவை சாய்ந்துவிட்டால்? கால் தடுக்கிவிட்டால்?

சர்ச் வாசலில் பிள்ளைகள் குருத்தோலைகளால் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். “அபி, குட்டிப் பசங்க எல்லாரும் இருக்காங்களான்னு பாரு. மணி அடிச்சதும் கெளம்பணும்” என்றார் ஞாயிறு பள்ளி ஆசிரியை இசைப்பிரியா அக்கா.

அபி பார்த்தாள். அருளைக் காணோம்! அஞ்சு வயது வாண்டு. எங்கே போய்த் தொலைந்தான்?

அபி சிலுவையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள். பின்பக்கக் குளியலறையின் கதவு மூடியிருந்தது. உள்ளே விசும்பல் சத்தம்.

“அருளு, மணி அடிக்கப் போறாங்கடா. வெளிய வா!”

“வர மாட்டேன். டவுசர் நனைஞ்சிடுச்சி.”

“தண்ணியிலயா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம். “தண்ணி மாதிரிதான்...”

அபிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “சரி, இரு. இசைப்பிரியாக்காவக் கூட்டிக்கினு வரேன்.”

“ஐயோ, வேணாக்கா! வளவன் அண்ணனுக்குத் தெரிஞ்சா எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கும்! யார்கிட்டயும் சொல்லாதக்கா!”

டாண், டாண் என்று மணி அடித்தது.

இப்போது ஓடினால் சிலுவையைப் பிடித்துவிடலாம். ஆனால் உள்ளே இருக்கிற பயல் இன்னும் பெரிதாக அழ ஆரம்பித்தான்.

போச்சுடா!

அபி தோளிலிருந்த துண்டை உருவிக் கதவிடுக்கில் நீட்டினாள். “கழுவிட்டு, இத இடுப்புல சுத்திக்கினு வா.”

துண்டைக் கையால் பிடித்தபடி அருள் வெளியே வந்தான். அபி இறுக்கி முடிச்சுப் போட்டாள். தன் பாவாடை நனைய, டவுசரைக் குழாயடியில் அலசிப் பிழிந்து செடிமேல் காயப்போட்டாள். அருள் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

“வேட்டி நல்லாருக்குக்கா” என்றான். அழுகை போன இடம் தெரியவில்லை.

இருவரும் ஓடி வந்து பார்த்தால், ஊர்வலம் தெருமுனையைத் தாண்டியிருந்தது. முன்னால் சிலுவையுடன் வளவன்!

கடைசி வரிசையில் வந்துகொண்டிருந்த இசைப்பிரியா அக்கா திரும்பினார். “சிலுவையப் போட்டுட்டு எங்க போன? இதான் லீடர் செய்யற வேலையா? துண்ட வேற இவனுக்கு வெளையாடக் குடுத்திருக்க!”

அபி வாயைத் திறந்தாள். அருளின் கை அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தது.

“தப்புதான்க்கா” என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஓசன்னா! ஓசன்னா!” என்று ஊர்வலம் நகர்ந்தது. கடைசி ஆட்களாக அபியும் அருளும். வேட்டி தடுக்கி, அருள் ஆமை மாதிரி நடந்தான்.

“சீக்கிரம் நடடா.”

“இயேசப்பா கழுதை மேலதானக்கா போனாரு?”

“ஆமா.”

“கழுதை மெதுவாத்தான போவும்? அப்ப அவரும் நம்மகூட கடேசியாத்தான் வருவாரு.”

அபியும் நடையை மெதுவாக்கினாள். தூரத்தில் ரவுண்டானா தெரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி அப்பா நின்றார். சிலுவை அவரைக் கடந்து போனது. அவர் எக்கி எக்கி ஒவ்வொரு வரிசையாகத் தேடினார். அபிக்கு அங்கேயே மறைந்துபோகலாம் போலிருந்தது.

கடைசியில் அவளைக் கண்டுபிடித்துவிட்டார். “என்னாம்மா? முன்னாடி வருவன்னு சொன்னியே?”

அபி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மாமா!” அருள் முந்திக்கொண்டு கத்தினான். “நான் டவுசர்ல ஒண்ணுக்குப் போவல!”

அப்பா அருளைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். மகளின் ஈரப் பாவாடையைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்தது, இருமுவதுபோல் மறைத்துக்கொண்டார்.

“சேச்சே, நீ போவியாடா!” என்று அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அபியின் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது.

அதற்குள் அவரோடு வேலை செய்யும் ராஜாங்கம் மாமா டீக்கடையிலிருந்து வந்தார். “எங்கப்பா உம் பொண்ணு? முன்னாடி ஒரு பையன்தான் போறான்?”

தெருவே திரும்பிப் பார்க்கும்படி அப்பா உரக்கச் சொன்னார்:

“தோ, எல்லாருக்கும் கடேசியா நிக்குது பாரு, அதான் எம் பொண்ணு!”