மூன்று தட்டு

குழைந்த சோற்றை வலப்பக்கம் ஒதுக்கி மென்றுகொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். இடப்பக்கம், கீழ்த்தாடைக்குள்ளே, யாரோ தட்டினார்கள்.

டொக். டொக். டொக்.

"என்னங்க, கல்லா?" என்றாள் மனைவி.

"உனக்கும் கேட்டுச்சா?"

"என்ன கேக்கணும்? நீங்க முழிக்கிற முழியைப் பாத்துக் கேட்டேன்."

அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். அந்த இடத்தில் இரண்டு பற்கள் போய், பல் டாக்டரம்மா எலும்பில் துளை போட்டு இரண்டு திருகாணிகளை இறக்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. எலும்பு அவற்றைக் கவ்விப் பிடித்ததும் மேலே புதுப்பல்லை மாட்டி முறுக்கிவிடுவார்கள். அவனுக்கு இது புரியாத வேலை இல்லை. இருபது வருடமாகச் சுவரில் துளை போட்டு போல்ட் இறக்குகிறவன். மரத்துப்போன வாயில் வலி தெரியவில்லை என்றாலும், மெஷினின் உறுமல் எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறியது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குத்தான் அதைச் சுவரின் இடத்திலிருந்து கேட்டான்.

தடித்த சுவரில் போல்ட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விட இரண்டு ஆள் வேண்டும். இங்கே மெஷின் பிடிப்பவன். அங்கே இரும்புத் தகடும் நட்டும் வைத்துக்கொண்டு நிற்பவன். நடுவில் சுவர், பேச்சு கேட்காது. அதனால் சுத்தியலால் தட்டிக்கொள்வார்கள். இரண்டு தட்டு என்றால், விடு. மூன்று தட்டு என்றால், நிறுத்து, நான் இங்கே இருக்கிறேன்.

அந்தப் பக்கம் எப்போதும் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவன் கூட்டாளிதான். பதினொரு வருடம்.

பல் போன அன்றைக்கு மூன்று தட்டு கேட்டது. நன்றாகவே கேட்டது. இன்னும் ஓர் அங்குலம்தானே என்று அவன் மெஷினை அழுத்தினான். மெஷினின் துளைக்கம்பி சுவரைத் தாண்டி எதிலோ சிக்கியது. மெஷின் கையோடு முறுக்கிக்கொண்டு வந்து தாடையில் அறைந்தது. பல்லைத் துப்பிவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தபோது, நெட்டை தகட்டை மார்போடு அணைத்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போயிருந்தான்.

நெட்டை தட்டவே இல்லை என்று அவன் கம்பெனியில் சொல்லிவிட்டான். பல் மாட்டியதும், குழறாத வாயால் விசாரணையில் இன்னொரு முறை சொன்னால் போதும். பழி நெட்டை தலையில். நெட்டையின் பெண்டாட்டி பிள்ளைகளோடு கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அவள் வாசலில் வந்து நின்று கேட்டிருந்தாள். "ஒரு தட்டுகூடவா தட்டல, தம்பி? அவரு அப்படி மறக்கிற ஆளா?"

"இல்ல அண்ணி. தட்டல."

சொல்லி வாயை மூடுவதற்குள், பல் போன குழியில் சில்லென்று காற்று புகுந்தது.

சோற்றின் நடுவே கேட்ட அந்த நாளிலிருந்து தட்டு நிற்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் கன்னம் சாய்ந்தால் கேட்டது. வேலையிடத்தில், நாலு மெஷின் ஒன்றாக இரைகிற இரைச்சலுக்கு நடுவிலும், காதுக்கு வராமல் நேரே எலும்பில் கேட்டது. எதைத் தின்றாலும் நாக்கில் காய்ந்த சிமென்ட் தூளின் நறநறப்பு. மூச்சில் சூடேறிய இரும்பின் வாடை. ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, கண்ணாடி முன் நின்று, கரண்டிக் காம்பால் திருகாணியின் தலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, பொறுமையாக, மூன்று.

பல் மாட்டுகிற நாள் வந்தது. மறுநாள் விசாரணை. டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தாள். "சூப்பரா பிடிச்சிருக்கு. நீங்க வைக்கிற போல்ட்டுகூட இப்படிப் பிடிக்காதுண்ணே."

அவன் படத்தையே பார்த்தான். முதல் திருகாணியின் நுனியில், எலும்புக்குள்ளே, வெள்ளையாக ஒன்று. ஆறு மூலை.

"இது என்னம்மா?"

"எது? அதுவா, நிழல். வாயை நல்லாத் திறங்க. வலிச்சா கையைத் தூக்குங்க, போதும்."

வாய் மூடாமலிருக்க ஒரு ரப்பர் கட்டையைப் பல்லிடுக்கில் செருகினாள். மருந்து நெடி. முகத்துக்கு மேலே விளக்கு. புதுப்பல்லைத் திருகாணியின் தலையில் வைத்து, சின்னச் சாவியால் முறுக்க ஆரம்பித்தாள். கிர்ரிக். கிர்ரிக்.

டொக். டொக். டொக்.

அவன் கையைத் தூக்கினான்.

"இன்னும் ஒரே ஒரு சுத்துதான். பொறுத்துக்குங்க."

டொக். டொக். டொக்.

சொல்லிவிடுகிறேன். நாளைக்கே சொல்லிவிடுகிறேன். தட்டினான், எனக்குக் கேட்டது. இப்போதே, இவளிடமே. "ஆ... ஆ..." என்றுதான் வந்தது. கட்டை விடவில்லை. எச்சில் கழுத்தில் வழிந்தது.

கிர்ரிக்.

உள்ளே தட்டு நின்றது.

"அவ்வளவுதான், முடிஞ்சது" என்று டாக்டரம்மா சாவியை எடுத்து டிரேயில் போட்டாள்.

பல் நிற்கவில்லை.

சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக. உள்ளே பார்த்து. அந்தப் பக்கமிருந்து யாரோ, அவசரமே இல்லாமல், நட்டை முறுக்கினார்கள். டாக்டரம்மா பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள். இரண்டு கையும் வெறுங்கை.

விளக்கின் பளபளப்பில் தெரிந்த தன் வாயை அவன் பார்த்தான். புதுப்பல் ஈறுக்குள் இறங்கியது. அதன் பின்னால் ஈறு இறங்கியது.

பிறகு கன்னம்.