எலும்பின் மேல் உதிர்ந்த மலர்கள்

கீழ்வானில் பூரண சந்திரன் எழுந்துகொண்டிருந்த அந்தி வேளையில், வெட்டாற்றின் தென்கரையெங்கும் பரந்து கிடந்த மழவராயரின் பாசறைக் கூடாரங்கள் நீரிலே தலைகீழாய் நடுங்குவதைப் புன்னைக்கோட்டையின் மேன்மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் இளவரசி அபரஞ்சி. தம்மை மணக்க இசையாவிட்டால் கோட்டையை முற்றுகையிடுவதாகச் சொல்லியனுப்பிய மழவராயர், முதலில் அவளுடைய ஓவியத்தைக் கண்டுவர ஒரு தூதரை அனுப்பியிருந்தார். தூதர் வந்துவிட்டதாகச் செய்தி எட்டியதும் அவள் இறங்கிச் சென்று, மண்டபத்துப் பட்டுத் திரைக்குப் பின்னால் அமர்ந்தாள்.

ஓவியத்தைத் தீட்டியவள், ஈராண்டுக்கு முன் கப்பல் உடைந்து கரையொதுங்கி, தமிழும் கற்றுக்கொண்ட ஜப்பான் தேசத்துத் துறவி ஓயுகி. அன்பார்ந்த வாசகர்களே, அது ஒற்றைப் படமன்று. நீண்ட பட்டுச் சுருள். முதலில், பூத்துக் குலுங்கும் மரத்தடியில் அபரஞ்சி புன்னகை பூத்திருந்தாள். சுருளை விரிக்க விரிக்க, அதே மரத்தடியில் அவள் பிணமாய்க் கிடந்தாள்; உடல் வீங்கிற்று; காக்கைகள் வந்தன; கடைசியில் வெண்ணிற எலும்புகள் மட்டுமே எஞ்சின. அவற்றின் மீதும் இளஞ்சிவப்பு மலர்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. ஆசையை வெல்ல விரும்புவோர் இத்தகைய படங்களைப் பார்த்துத் தியானிப்பது ஓயுகியின் நாட்டு வழக்கம். 'கண்டு அருவருத்து ஓடட்டும்!' என்றே இளவரசி அதை வரையச் செய்திருந்தாள்.

தூதர் ஓடவில்லை. ஓயுகியின் எதிரே அமர்ந்து சுருளை விரித்துக்கொண்டிருந்த அவர் கை, காக்கைகளைத் தீட்டியிருந்த இடத்தில் நின்றது.

"அம்மணி, இந்தக் கோரத்தின் மேல் இவ்வளவு அழகிய பூக்களை ஏன் பெய்தீர்கள்?"

"மரம் ஆள் பார்த்தா உதிர்க்கிறது, ஐயா?" என்றாள் ஓயுகி.

தூதரின் கண்கள் கலங்கின. "என் மனைவி வைசூரியில் கிடந்தபோது, 'ஒருமுறை வந்து பாருங்கள்' என்று சொல்லியனுப்பினாள். அழகு அழிந்த அந்த முகத்தைக் காண அஞ்சிப் போர்க்களத்துக்கு ஓடினேன். ஊரார் அதை வீரம் என்றார்கள்."

அபரஞ்சி திடுக்கிட்டாள். மழவராயரின் பட்டத்தரசி வைசூரியில் மாண்டதை நாடே அறியும். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"தாங்கள் தூதரல்லர்!"

"உண்மை, தேவி. மழவராயன் நானேதான்."

அவள் ஒருமுறை கைதட்டினால் போதும். வாசலில் நின்ற வேல்வீரர்கள் உள்ளே பாய்வார்கள். போர் அன்றோடு முடியும். ஆனால் அவர் விரல்கள் இன்னும் அந்தக் காக்கைகளின் படத்தை விட்டு அகலாததைக் கண்டவளுக்குக் கை எழவில்லை.

"என் வாளின் மேல் ஆணை!" என்றார் மழவராயர். "பொழுது விடியுமுன் இந்தக் கரையில் என் கூடாரம் ஒன்றும் இராது. ஒரே ஒரு யாசகம். இந்த ஓவியத்தைத் தர வேண்டும்."

"முழுவதுமா?"

"முதற்படம் தங்களிடமே இருக்கட்டும். நான் பார்க்காமல் ஓடியவை மற்றவைதாம்."

ஓயுகி பட்டைக் கத்தரித்துக் கொடுத்தாள். வணங்கி வாசல்வரை சென்றவரை அபரஞ்சியின் குரல் நிறுத்தியது.

"மழவராயரே! இன்னொரு முறை வருவதானால், படையில்லாமல், சொந்தப் பெயரோடு வாருங்கள்."