ஹரிஸா இத்தாலிக்குப் போகவில்லை

எங்கள் பூனை ஹரிஸா இத்தாலிக்குப் போய்விட்டதாக என் தம்பி நிதால் நம்பிக்கொண்டிருந்தான். உண்மையில் அது இறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

ஹரிஸா என்பது நாங்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய் விழுது. பூனைக்கு அதே சிவப்பு நிறம், அதே காரம். நிதாலைத் தவிர யார் தொட்டாலும் கீறிவிடும். ஒரு நாள் துறைமுக வாசலில், பின்பக்கமாக நகர்ந்து வந்த ஐஸ் வண்டி அதன் மேல் ஏறிவிட்டது. நானும் அம்மாவும் பார்த்தோம். இருவருமாக அதை ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் அத்திமரத்தடியில் புதைத்தோம்.

"ஷிராஸ், தம்பிகிட்ட மூச்சு விடாதே. ஆறு வயசுப் பிள்ளை, தாங்கமாட்டான். சத்தியம் பண்ணு," என்றாள் அம்மா.

நான் சத்தியம் செய்தேன்.

அன்று மாலை நிதால் பூனையைத் தேடியபோது அம்மா வாயில் வந்ததைச் சொன்னாள். "படகுல ஏறிடுச்சுடா. இத்தாலிக்குப் போயிடுச்சு. அங்க ஹாதி மாமா இருக்காரே, அவர் பார்த்துக்குவார்."

எங்கள் கெலிபியா மீன்பிடித் துறைமுக ஊர்; இதை யாராக இருந்தாலும் நம்புவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி. ஊரில் பாதி வீடுகளுக்கு அங்கே ஒரு மாமாவோ சித்தப்பாவோ உண்டு. ஊர்ப் பூனைகளும் மீன் வாசனைக்குப் படகில் ஏறி, வயிறு முட்டத் தின்று, அங்கேயே தூங்கிவிடும்.

மாமா அம்மாவுக்கும் ஒரு படி மேலே போனார். "ஆமாண்டா, இங்கதான் இருக்கு. மூணு வேளையும் மத்தி மீன். நல்லா குண்டாயிடுச்சு!" என்று போனில் சிரித்தார்.

நிதால் அதையும் நம்பினான். ஆனால் தினமும் மாலையில் ஒரு மத்தி மீனைத் தாளில் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான். வரும் படகுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தான்.

"திரும்பி வரும்போது நடுக்கடல்ல அதுக்குப் பசிக்கும்ல அக்கா?"

நான் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவேன்.

ஜூலையில் மாமா ஒரு வார விடுமுறைக்கு வந்தார். நிதால் அவரைக் கட்டிப்பிடிக்கக்கூட இல்லை, நேராக அவர் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"ஹரிஸா எங்க?"

"அதுக்கு அங்க வேலை இருக்குடா. எங்க படகு எலிகளை யாரு பிடிக்கிறது?" என்றார் மாமா, கண்ணைச் சிமிட்டி.

நிதால் உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையைக் கொட்டிவிட்டு, இரண்டு கால்சட்டை, ஒரு டப்பா மீன், ஹரிஸா உருட்டி விளையாடும் நூல் பந்து எல்லாவற்றையும் அதில் அடைத்தான்.

"வெள்ளிக்கிழமை மாமாகூட நானும் போறேன். அதைக் கூட்டிட்டு வந்துடறேன்."

அம்மா சிரித்தாள். மாமாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை மாமா இவனை விட்டுவிட்டுக் கப்பலேறும்போது என்ன ஆகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் மாமா ஒரு பென் டிரைவை அம்மாவிடம் நீட்டினார். "உன்னோட கழுதைப் படம். தேடிப் பிடிச்சுட்டேன்!"

அம்மா குழந்தைபோலக் குதித்தாள்.

அந்தப் படத்தின் கதையை மாதம் ஒரு முறையாவது அம்மா சொல்லிவிடுவாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மொட்டை மாடி ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினால் இத்தாலித் தொலைக்காட்சி வருமாம். பதினோரு வயது மாமாதான் திருப்புவார். வீட்டில் யாருக்கும் இத்தாலியன் தெரியாது. மாமா மட்டும் தெரியும் என்று சொல்லி, எல்லாருக்கும் கதை சொல்வாராம்.

மலை மேல் ஓர் ஊர். ஒரு வெள்ளைக் கோவேறு கழுதை கீழேயிருந்து தண்ணீர் சுமந்து வரும். அதை வளர்த்தவன் போருக்குப் போய்விடுவான். கழுதை தனியாகவே தண்ணீர் சுமக்கும். பிறகு அதை யாருக்கோ விற்றுவிடுவார்கள். பனியில் மூன்று நாள் நடந்து அது பழைய வீட்டு வாசலுக்கே வந்து படுத்துக்கொள்ளும்.

"காலையில எழுந்து கேரட் தின்னுமாம்," என்று முடிக்கும்போது அம்மா எப்போதும் அழுதுகொண்டே சிரிப்பாள்.

வெயிலுக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி படம் பார்க்க உட்கார்ந்தோம். அப்பா மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். நிதால் பையை மடியில் வைத்துக்கொண்டான். மாமா வழக்கம்போலக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

"இந்தத் தாத்தா கழுதைக்குக் கல்யாணம்னு சொல்றார்ல அண்ணா?" என்றாள் அம்மா.

மாமா இருமினார். "இல்ல... ஊருக்குத் தண்ணிக் குழாய் வரப்போகுதுங்கிறார். இனிமே கழுதை வேண்டாமாம்."

"அன்னிக்குக் கல்யாணம்னு சொன்னியே!"

"அன்னிக்கு எனக்கு இத்தாலியன்ல 'நன்றி'யும், கால்பந்துல கத்தற 'கோலு'ம்தான் தெரியும்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நிதால்கூடச் சிரித்தான். ஆனால் படம் போகப் போக மாமாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இருபது வருடமாக அவர் இத்தாலியில் இருக்கிறார். இப்போது அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

பனி கொட்டியது. கழுதை தள்ளாடி வந்து வாசலில் படுத்தது. ஒரு சிறுமி ஓடி வந்து தன் கோட்டைக் கழற்றி அதன் மேல் போர்த்தினாள். சுற்றி நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"தொப்பியை ஏன் கழட்டறாங்கன்னு அப்பவே கேட்டேன். வெயிலா இருக்குன்னு சொன்னே," என்றாள் அம்மா மெதுவாக. "பனி கொட்டுது அண்ணா."

திரையில் காலை வரவில்லை. கேரட்டும் வரவில்லை.

"தூங்குதா மாமா?" என்று நிதால் கேட்டான்.

மாமா வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிதால் மடியில் இருந்த பையைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தூங்கலடா. செத்துப்போச்சு," என்றேன்.

"உனக்குத்தான் இத்தாலியன் தெரியாதே!" என்றான் நிதால்.

"தெரியாது. பார்த்தாலே தெரியுதே."

நிதால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அப்ப ஹரிஸா?"

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சத்தியத்தை மீறுவதற்குப் பயமாகத்தான் இருந்தது. நான் நிதாலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அதுவும்தான். ஐஸ் வண்டி இடிச்சிடுச்சு. நானும் அம்மாவும் அத்திமரத்துக்குக் கீழே புதைச்சோம். என் பச்சைத் துண்டுல சுத்தித்தான் வெச்சேன்."

நிதால் அழவில்லை. மாமாவைப் பார்த்தான். "மூணு வேளை மீன் போடறேன்னீங்களே."

"பொய்டா," என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ அழுவேன்னு."

"இப்பவும்தானே அழப்போறேன்," என்றான் நிதால். சொன்னபடியே அழுதான். விதைகள் தரையெல்லாம் சிதறின. அம்மா அவனை வாரி அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

"முப்பது வருஷமா அந்தக் கழுதை கேரட் தின்னுச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்டா," என்றாள்.

"உனக்கும் யாரும் சொல்லலையாம்மா?" என்று விம்மலுக்கு நடுவே கேட்டு, நிதால் தன் சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்தான். அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. என் தலையில் கையை வைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் அத்திமரத்தடிக்குப் போனோம். நிதால் பையைத் திறந்து நூல் பந்தை எடுத்து மண்ணின் மேல் வைத்தான். தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்த மீனையும் வைத்தான்.

"அப்ப அது கடல்ல பசியோட இல்லையா?"

"இல்லடா. அதுக்குப் பசிக்கவே இல்லை."

அவன் பெரிதாக மூச்சு விட்டான். அத்தனை நாளும் அந்த ஒன்றைத்தான் அவன் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். எனக்கும் அப்போது அழுகை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு படகு உள்ளே வந்தது. நிதால் நின்று பார்த்தான், ஆனால் எட்டிப் பார்க்க ஓடவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொரு படமும் இருக்கு. கரடிப் படம். நாளைக்குப் பார்க்கலாமா? நானே கதை சொல்றேன்."

நிதால் ரொட்டியை மென்றபடி யோசித்தான்.

"பார்க்கலாம். ஆனா அக்கா கதை சொல்லட்டும்," என்றான். "அவளுக்குத்தான் இத்தாலியன் தெரியாது."