வெந்நீர்க் கால்வாய்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதையும் ஏன் என்று கேட்கத் தெரியவில்லை. ஒருத்தி போனில் ஒரு படத்தைக் காட்டினால் போதும், தெருவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. ஓசி என்று சொல்லிவிட்டால் செருப்பைக்கூடத் தேடுவதில்லை. விம்கோ நகரில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் குடியிருக்கும் கோதண்டத்துக்கு இதுதான் பெரிய பேஜார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து, முடிச்சைத் தட்டிப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் அவர் முதுகில் ஏற்றியதில்லை. இப்போது தெருவில் பாதிப் பேர் விடிந்தும் விடியாமலும் கால்வாய்க்குப் போய் வெந்நீரில் காலை ஊறவைத்துவிட்டு வருகிறார்கள். அந்த வெந்நீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்காததற்கும் காரணம் இருந்தது. கால்வாய் ஓரத்துக் கம்பெனி ஓடிய காலத்தில், கொதிகலனைத் தொட்டுவிட்டு வரும் தண்ணீர் சுடச்சுட அந்தக் கால்வாயில்தான் விழும். மார்கழிக் குளிரில் அதில் குளித்து, துணி அலசி, பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றி வளர்ந்த சனம் இது. விறகு இல்லாமல் கிடைத்த வெந்நீரைச் சந்தேகப்படும் பழக்கம் யாருக்கும் வரவில்லை. பிறகு கம்பெனியை மூடினார்கள். புகைபோக்கி வெறுங்கம்பமாக நின்றது. கால்வாய்த் தண்ணீர் ஆறி, பச்சையாகி, கொசு மொய்த்துக் கிடந்தது. இந்த வருஷம் மழை விட்ட ஒரு காலையில் அது மறுபடியும் ஆவி விட்டது. பழைய ஞாபகத்தில் எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கோதண்டம் மட்டும் கம்பெனி கேட்டுக்குப் போனார். அங்கே காவலுக்கு இருந்த வல்லரசு, அவரோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன்.

"உள்ள கொதிகலன் ஓடுதாடா?"

"எந்தக் கொதிகலன் மாமு? அதக் கழட்டி இரும்புக் கடைக்கு ஏத்தி எம்மா நாளாச்சு. உள்ள பன்னிதான் படுத்துக்கினு கீது."

"அப்ப தண்ணி எப்டி சூடாவுது?"

வல்லரசு பீடியை உதட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினான். "கேட்டுக்கு வெளில நிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஒண்ணு மட்டும் பாத்துக்கினேன். அந்தத் தண்ணிய காக்கா குடிக்கறதில்ல."

கோதண்டம் கரையில் குந்தி ஒரு விரலை விட்டுப் பார்த்தார். கொதிக்கவில்லை, பொறுக்கிற சூடு, பிள்ளை பெற்றவளுக்கு விளாவி வைத்த மாதிரிப் பதமான சூடு. எடுத்த விரலை முகர்ந்தார். சாம்பல் வாசனை இல்லை, எண்ணெய் வாசனை இல்லை, சாக்கடை வாசனைகூட இல்லை. சாயங்காலம் தேரடிப் பக்கம் தள்ளுவண்டியில் ஆட்டுக்கால் சூப்பு கொதிக்கும்போது வருமே, கொழுப்பும் எலும்பும் கரைந்த ஒரு வாசனை, அது. விரலை லுங்கியில் அழுத்தித் துடைத்தார். வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு விரல் மட்டும் அவருடையதாக இல்லை.

தெருவைக் கிளப்பிவிட்டது ரெஜினா. தெருமுனை மளிகைக் கடைக்காரர் மகள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். ஐரோப்பாவில் ஒரு பழைய ஊரில் வயதான அம்மாள் ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், கோடையில்தான் திரும்பியிருந்தாள். அந்த ஊரைப் பற்றிக் கடை வாசலில் நின்று அவள் பேச ஆரம்பித்தால் அரிசி வாங்க வந்தவர்கள் அரிசியை மறந்துவிடுவார்கள்.

"ஊர் நடுவுல பூமிக்குள்ளருந்து வெந்நீர் பீச்சி அடிக்கும் பெரியப்பா. அதச் சுத்தித் தூண் தூணா மண்டபம். ராஜாக்கமாரெல்லாம் வந்து கால் நனைச்ச ஊரு. மூக்கு வச்ச கோப்பையில அந்தத் தண்ணியப் பிடிச்சு, உறிஞ்சிக்கிட்டே மேலயும் கீழயும் நடப்பாங்க. எம்புட்டு காசு குடுத்து வாராங்க தெரியுமா. நமக்கு வாசல்லயே வந்திருக்கு."

"அந்த ராஜா வூட்ல அடுப்பு இல்லியாமா?" என்றார் கோதண்டம்.

கடை வாசலே சிரித்தது. அவர் பெண்சாதி பூவம்மா சிரிக்கவில்லை. காசிமேட்டிலிருந்து மீன்கூடை சுமந்து சுமந்து முட்டி இரண்டும் வளைந்துபோனவள். சுவரைப் பிடித்துத்தான் கக்கூசுக்கே போவாள். அவள் ரெஜினாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஒரு சுவர். சுவர் நிறைய ஊன்றுகோல்கள், அக்குள் கட்டைகள். குணமானவர்கள் மாட்டிவிட்டுப் போனது என்றாள் ரெஜினா.

"இவங்கல்லாம் நடந்தே வூட்டுக்குப் பூட்டாங்களா?"

"போயிருப்பாங்க பெரியம்மா."

கோதண்டத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "கோலு கீது. ஆளக் காணோமே," என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாளே பூவம்மா கால்வாய்க்குப் போனாள். ஒரு வாரம் ரெஜினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்புறம் கோலை ஊன்றிக்கொண்டு போனாள். ஒரு நாள் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்யாணமான புதிதில் நடந்த மாதிரி கையை வீசி நடந்து வந்து வாசலில் நின்றாள். கோதண்டம், "இன்னாமே, சினிமாவுல சேந்துக்கினியா," என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சந்தோஷம்தான். ஆனால் மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. கோல் தரையில் விழும் டக், அதன் பின்னால் கால் இழுபடும் சர்ர். அவர் அரைத் தூக்கத்தில் கிடந்தாலும் அவள் அடுப்படியில் இருக்கிறாளா, வாசலில் இருக்கிறாளா என்று அந்தச் சத்தம் சொல்லிவிடும். இப்போது எதுவும் கேட்பதில்லை. காலடிச் சத்தம்கூட இல்லை. சட்டென்று திரும்பினால் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். அவள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை ஈரமாக, லேசாகப் பிசுக்காக இருக்கும். உலராது.

ஒரு மத்தியானம் அவள் கஞ்சி வடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் குடும்பச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பானை நழுவியது. கொதிக்கிற கஞ்சி முழுசாக அவள் வலது காலில் கொட்டியது. கோதண்டம் பதறி எழுந்தார். அவள் பேச்சை நிறுத்தவில்லை. கஞ்சிக்கு நடுவில் நின்றபடியே, குப்பம்மாவின் மருமகள் என்ன சொன்னாள் என்பதை முழுதும் சொல்லி முடித்தாள். பாதத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பிறகுதான் குனிந்து பார்த்து, "ஐய, சோறு வீணாப் போச்சே," என்று கரித்துணியால் காலைத் துடைத்தாள். துடைத்த துணியை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்தாள். ஒரு பூனை ஓடிவந்து அந்தத் துணியை இழுத்துக்கொண்டு போனது.

அன்று பொழுது சாய்ந்து கரண்ட் போயிருந்தது. இருட்டில் படுத்துக் கிடந்த கோதண்டத்துக்கு, முதலில் அடுப்பு சீறுவது கேட்டது, பிறகு வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம், பிறகு மறுபடியும் அடுப்பு, மறுபடியும் தண்ணீர், நடுநடுவே தொட்டிலில் பிள்ளையைப் போட்டவள் முனகுகிற மாதிரி ஒரு மெல்லிய முனகல், எல்லாவற்றுக்கும் அடியில், கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாக ஊர்ந்து வந்த அந்த ஆட்டுக்கால் வாசனை. எழுந்து போனார். அவள் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் வாளிக்குள் விட்டிருந்தாள். சொம்பில் இருந்த கொதிதண்ணீரை முட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமாமே உனக்கு?"

"குளிருதுய்யா. வெளில வந்தா குளிருது."

அவர் அவள் முழங்காலைத் தொட்டார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிசைந்து வைத்த மாவில் அழுத்திய மாதிரி.

"நாளையிலேந்து நீ கால்வாய்க்குப் போவக் கூடாது."

பூவம்மா அண்ணாந்து பார்த்தாள். அடுப்பு வெளிச்சத்தில் அவள் முகம் ரொம்ப அழகாக இருந்தது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

"நான் நடக்கறது உனுக்குப் புடிக்கல. நீ முன்னால போவ, நான் பின்னால நொண்டிகினே வரணும். அப்பத்தான் நீ ஆம்பள."

"வாய மூடு."

"நான் மூடிக்கறேன். நீ கதவ மூடாத."

மூடினார். வெளிப்பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பு முடிச்சில் வைத்துக்கொண்டார். வாசலிலேயே பாயை விரித்துப் படுத்தார். உள்ளே நெடுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் அழுதாள். அழுகையா சிரிப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை. பார்க்காமலே தூங்கிப்போனார்.

விடிந்தபோது போகி. கண்ணைத் திறந்தால் கையே தெரியவில்லை. தெருவெல்லாம் பழைய பாயும் தலையணையும் டயரும் எரிந்து, கடலிலிருந்து வந்த பனியோடு புகை கலந்து, கறுப்புப் பஞ்சு மாதிரி சந்து முழுவதையும் அடைத்திருந்தது. எங்கேயோ பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அடுப்படி ஜன்னலின் மரக்கம்பிகள் வெளிப்பக்கமாகப் பிடுங்கப்பட்டிருந்தன. உள்ளே அவள் இல்லை. மூலையில் சாத்தியிருந்த கோலும் இல்லை.

வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்தார். மேளச் சத்தம் பின்னால் தேய்ந்தது. ரயில் பாதையைத் தாண்டினார். கருவேலங்காட்டைத் தாண்டினார். புகைக்குள் வேறொரு வெள்ளை கலக்க ஆரம்பித்தது. ஈரமான வெள்ளை. சூடான வெள்ளை.

கரையில் ஒரு நெருப்பு. கிட்டே போனார். எரிந்துகொண்டிருந்தவை பாயும் தலையணையும் இல்லை. ஊன்றுகோல்கள். வாக்கர்கள். முட்டிக்குப் போடும் பட்டைகள். குணமானவர்கள் போகிக்குக் கொண்டுவந்து போட்டவை. பூவம்மாவின் கோலும் நடுவில் எரிந்தது. பிடியில் அவர் சுற்றிக் கொடுத்த சைக்கிள் டியூப் உருகிச் சொட்டியது.

கால்வாயில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கரை ஓரமாக, வரிசையாக, கழுத்து வரைக்கும். குப்பம்மா. குப்பம்மாவின் மருமகள். இஸ்திரி போடும் ரகுபதி. எல்லோரும் சிரித்த முகம். யாரும் பேசவில்லை. ரெஜினா மட்டும் கரையில் மேலும் கீழுமாக நடந்தாள். கையில் மூக்கு வைத்த ஒரு பீங்கான் கோப்பை.

"வாங்க பெரியப்பா," என்றாள். "இன்னிக்கு நல்ல பதமா இருக்கு." உறிஞ்சிக்கொண்டே நடந்தாள்.

"பூவு."

"யோவ், இங்க," என்றாள் பூவம்மா. வரிசையின் கடைசியில் இருந்தாள். "வந்துட்டியா. எறங்கு."

அவர் இறங்கினார். செருப்பு சேற்றில் கழன்றது. தண்ணீர் முட்டிக்கு ஏறியது. தொடைக்கு ஏறியது. பின்பக்கமாகப் போய் அவள் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்தார். மூட்டை தூக்கிய கை. மூச்சைப் பிடித்துத் தூக்கினார்.

கனம் இல்லை.

தூக்கிய வேகத்தில் அவரே பின்னால் சாய்ந்தார். அவள் மார்போடு வந்தாள். இடுப்போடு வந்தாள். அவ்வளவுதான் வந்தாள். புடவை தண்ணீரில் வெறுமனே மிதந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே வெள்ளையாக இரண்டு எலும்பு. கொஞ்சம் சதைத் தொங்கல். சுத்தமாக வெந்திருந்தது.

"பாரு," என்றாள் பூவம்மா. "நிக்கறேன் பாரு."

அப்போதுதான் குளிர்காற்று அவளைத் தொட்டது. அவள் முகம் மாறியது. கண் விரிந்தது. வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. சத்தம் இன்னும் வரவில்லை. வரப்போகிறது. இத்தனை நாள் வராத வலியெல்லாம் அந்த வாயை நோக்கி ஏறுவதை அவர் பார்த்தார்.

இறக்கிவிட்டார். கழுத்து வரைக்கும்.

வாய் மூடியது. சிரிப்பு திரும்ப வந்தது. "எம்மா சோக்கா கீது," என்றாள். பக்கத்தில் குப்பம்மா தலையை ஆட்டினாள். பூவம்மா கையை நீட்டி அவர் கன்னத்தைத் தடவினாள். விரல்கள் வழுக்கின. "நீயும் குந்துய்யா. இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு."

கோதண்டம் கரையேறினார். யாரும் தடுக்கவில்லை. ரெஜினா வழிவிட்டு நின்றாள். அவள் கவுனின் கீழ்ப்பகுதி ஈரமாக, காற்றில் காலில் ஒட்டாமல் ஆடியது. அதை அவர் உற்றுப் பார்க்கவில்லை.

நடந்தார். புகையில கண்ணு தெரியல, அதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டயர் புகை மண்டைக்கு ஏறிக்கிச்சு. வெறும் வெந்நீரு. அதுல ஆளு அப்டி ஆவுமா. போய் வல்லரசைக் கூப்பிடலாம், கயிறு கொண்டுவந்து எல்லோரையும் இழுத்துப் போடலாம், அப்போது தெரியும் யார் டுபாக்கூர் என்று. அவர் நம்பவில்லை. எதையும் அவர் இதுவரை நம்பியதில்லை.

பின்னால் ஏதோ வருகிற மாதிரி இருந்தது. திரும்பினார். புகைக்குள் இரண்டு தெருநாய்கள். அவர் நடந்து வந்த தடத்தை முகர்ந்துகொண்டு, அவர் கால் வைத்த ஒவ்வொரு இடத்தையும் நிறுத்தி நிதானமாக நக்கிக்கொண்டு வந்தன.

"சீ, போ," என்றார். குனிந்து கல் எடுத்தால் காலைப் பார்க்க வேண்டியிருக்கும். எடுக்கவில்லை. கருவேல முள் கிடந்த வழியில், வெறுங்காலோடு, சத்தமே இல்லாமல், வேகமாக நடந்தார்.