நாலாவது மாடிச் சிவப்புச் சட்டை

ஒன்பது படங்களிலும் அந்தச் சிவப்புச் சட்டை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கட்டடங்களை மட்டும் வரையச் சொல்லியிருந்தாள் டிராயிங் மிஸ். ஒன்பது வாண்டுகளும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல, எதிர்க் கட்டடத்து நாலாவது மாடி பால்கனியில் அவள் புருஷனைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தன. லீவு நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேமே என்று நிற்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறென்ன தெரியும்?

"கட்டடம்னா கட்டடம் மட்டும்தான். நடுவுல இந்தக் கொசு எதுக்கு?"

"அம்மா, அது அப்பா" என்றாள் கடைசி பெஞ்சிலிருந்த மகள்.

"தெரியுது. அதான் சொல்றேன்."

நனைந்த காகித வாடையும், தம்ளர்களில் பிரஷ்கள் கிணுகிணுக்கும் ஓசையும், மேகம் கவிந்து சுவரோரம் தடித்துக்கொண்டே வந்த நிழலும் அவளை எரிச்சல்படுத்த, ஈர ஸ்பாஞ்சை எடுத்து முதல் படத்துச் சிவப்பை ஒற்றியெடுத்தாள். பிறகு அடுத்தது.

"பாத்துக்க மக்கு, இப்படித்தான் துடைக்கணும்" என்றாள் பக்கத்தில் நின்ற பையனிடம். மத்தியானம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர்.

நாலாவது படத்தில் போன் அடித்தது. புருஷன்.

"என்னன்னே தெரியல, தோள்பட்டையெல்லாம் சில்லுனு ஈரமா இருக்கு."

"வேர்த்திருக்கும். அதுக்கும் நானே வந்து விசிறணுமா?"

துண்டித்தாள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

மறுபடி போன். தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் குரல்.

"என் காலு... காலைக் காணோம்..."

ஸ்பாஞ்சிலிருந்து சிவப்பு முழங்கைவரை ஒழுகிக்கொண்டிருந்தது. எட்டுச் சின்னப் புள்ளிகளில் இவ்வளவு சிவப்பா? ஜன்னலைப் பார்த்தாள். பால்கனியில் வெளிறிய ஓர் உருவம். அதன் ஊடே கதவு தெரிந்தது.

மகளின் படம். அது ஒன்றுதான் பாக்கி. அதை யாரும் தொடக்கூடாது.

திரும்பினாள்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். அருகே மக்குப் பையன். கையில் ஸ்பாஞ்ச். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க காட்டின மாதிரியே துடைச்சிட்டேன் மிஸ். கை மட்டும் போகல."

போனில் சத்தமில்லை.

பால்கனியில் யாரும் இல்லை. கம்பியை இறுகப் பிடித்தபடி ஒரு கை.

மகள் ஜன்னலுக்கு ஓடினாள். "அப்பா!" என்று கையசைத்தாள்.

அந்தக் கை கம்பியை விட்டது. திரும்ப அசைத்தது.