கம்பியில் 230 வோல்ட்

டெலிபோன் அலறியது.

1967, ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி அடித்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தன் மைக் செட் கடையில், முகமது பாரூக் ஒரு ஸ்பீக்கர் குழாய்க்குள் தலையை விட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். தலையை உருவிக்கொண்டு ரிசீவரை எடுத்தான்.

"அண்ணே... நான் சௌகத் அலி பேசுறேன்."

"என்னடா, மூச்சு இப்படி வாங்குது?"

"ஸ்தனிஸ்லாஸ் கிதாரோட விழுந்துட்டான்ணே. எந்திரிக்கல."

"மூஞ்சியில தண்ணி தெளி. செத்த நேரத்துல வாரேன்."

மறுமுனையில் சௌகத் மூக்கை உறிஞ்சினான். பிறகு...

"இனிமே தெளிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்லண்ணே."

ரிசீவர் பாரூக்கின் கையிலிருந்து நழுவியது.

ஸ்தனிஸ்லாஸுக்கு இருபத்திரண்டு வயது. மாதா கோயில் உபதேசியார் ஆரோக்கியதாஸின் மகன். 'தி லாக் பாய்ஸ்' கோஷ்டியின் முதல் கிதார், முதல் குரல். பூட்டுக்குப் பேர் போன ஊரில் வேறு என்ன பேர் வைக்க முடியும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மைக் கட்டப் போன பாரூக், கோயில் வளாகத்தில் இரண்டு பையன்கள் கிதார் வாசிப்பதைக் கேட்டான். ஒருவன் ஸ்தனிஸ்லாஸ். இன்னொருவன் பவுல்ராஜ், வேடசந்தூர் மில்லில் நூல் சுற்றுகிறவன். கேட்ட அன்றே பாரூக்குக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பட்டாளத்துப் பழைய ஹெட்போனிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி கிதாரில் பொருத்தினான். உடைசல் ரேடியோ ஒன்றை ஆம்ப்ளிஃபயர் ஆக்கினான். பேகம்பூரில் தோல் ஷெட் வைத்திருப்பவரின் மகன் சௌகத் அலியைப் பிடித்து டிரம் முன்னால் உட்கார வைத்தான். ஒத்திகையும் அந்த ஷெட்டிலேயே. தோல் நாற்றத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள், அதனால் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லவும் ஆள் கிடையாது.

முதலில் கல்யாண வீடுகள். அப்புறம் மில் ஆண்டு விழாக்கள். வத்தலக்குண்டில் ஒரு கச்சேரிக்குக் கூட்டம் தாங்காமல் பந்தல் சரிந்தது. இந்த வருடக் கோடையில் கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில் பத்து நாள் வாசித்தார்கள். அங்கே வைத்து மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு விலாசம் வாங்கிக்கொண்டு போனார். மூன்று வாரத்துக்கு முன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நாளை மறுநாள் மெட்ராஸுக்கு ரயில்.

இன்றைக்கு முதல் கிதார் செத்துக் கிடக்கிறான்!

பாரூக் சைக்கிளை மிதித்தான்.

ஷெட் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. உள்ளே சப் இன்ஸ்பெக்டர் தங்கமுத்து நாற்றத்துக்கு மூக்கில் கர்சீப்பைப் பொத்தியபடி நின்றிருந்தார்.

"வாங்க பாய். உங்களைக் கூட்டியாரத்தான் ஆள் அனுப்பப் போனேன். நீங்களே வந்துட்டீங்க. எல்லாரும் இப்படி இருந்தா எங்களுக்கு ஜீப்புக்குப் பெட்ரோல் மிச்சம்."

பாரூக்குக்கு அந்தப் பேச்சு காதில் ஏறவில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் ஊறிய தரையில் ஸ்தனிஸ்லாஸ் மல்லாந்து கிடந்தான். கழுத்தில் கிதார். வலது காலில் புத்தம் புது கான்வாஸ் ஷூ. இடது கால் வெறுங்கால்; அதன் ஷூ பக்கத்தில் கிடந்தது.

கையில் தூக்கி வளர்க்காத குறைதான். பாரூக் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அழுது முடிச்சுட்டுச் சொல்லுங்க. கிதார்ல எப்படிக் கரெண்ட் வந்துச்சு?"

பாரூக் முகத்தைத் துடைத்தான்.

"இது பழைய ரேடியோ சார். ப்ளக்கைத் திருப்பிச் சொருகினா கிதார் கம்பி வரைக்கும் கரெண்ட் வரும். அதுக்குத்தான் ப்ளக்குலயும் போர்டுலயும் சிவப்புப் பெயின்ட் வெச்சிருக்கேன். சிவப்போட சிவப்பு சேர்ந்தா பயமே இல்ல. மூணு வருசமா அப்படித்தான் வாசிக்கிறாங்க."

"சரியாத்தான் சொருகியிருந்துச்சாம். ப்ளக்கைப் பிடுங்கின சௌகத் சத்தியம் பண்றான்."

"அப்படின்னா வாய்ப்பே இல்ல சார்."

"செத்தவன்கிட்ட அதைச் சொல்லுங்க."

பாரூக் சட்டைப் பையைத் தடவினான். அவனுடைய டெஸ்டரை வியாழக்கிழமையிலிருந்து காணவில்லை. கான்ஸ்டபிளிடம் பேனாக்கத்தி வாங்கி சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றினான்.

கழற்றியவன் அப்படியே நின்றான்.

"என்ன பாய்?"

"உள்ள ரெண்டு வயரையும் யாரோ மாத்திக் கட்டியிருக்காங்க. ஸ்க்ரூவுல கீறல் புதுசா இருக்கு."

"ஓ. அப்ப இது விபத்து இல்ல." தங்கமுத்து கர்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். நாற்றம் மறந்துவிட்டது போல. "இந்த வித்தை யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"பசங்க மூணு பேருக்கும். நாந்தான் கத்துக் குடுத்தேன்."

"நல்ல வாத்தியார். மூணுல ஒண்ணு போச்சு. மிச்சம் ரெண்டு, உங்களோட சேர்த்து மூணு. பாடியை எடுக்க ரெண்டு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள யாருன்னு தெரியணும். தெரியலேன்னா போர்டு உங்க போர்டு, ரேடியோ உங்க ரேடியோ. நான் உங்க பேரை எழுதிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."



தான் செய்யவில்லை என்பது பாரூக்குக்குத் தெரியும். அப்படியானால் செய்தது அவன் பையன்களில் ஒருவன். தூக்குக் கயிறு தன் கழுத்துக்கா, அல்லது தான் சோறு போட்டவன் கழுத்துக்கா... இரண்டு மணிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும்!

சௌகத்தைத் தோல் அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

"பத்து மணிக்கே வந்துட்டான்ணே. தொண்டை கரகரன்னு இருக்கு, மைக் பக்கமே போகலைன்னான். சும்மா வாசிச்சுக்கிட்டே இருந்தான். நடுநடுவுல பவுல்ராஜ் வந்துட்டானா, வந்துட்டானான்னு வாசலைப் பார்த்தான். மாதா கோயில் மணி அடிச்சுச்சு. வழக்கம்போல நான் குச்சியைக் கீழ வெச்சேன். அவன் குனிஞ்சான். ஒரு சத்தம். அம்புட்டுதான்."

"நீ மட்டும்தான் கூட இருந்தே."

"ஆமா."

"டிரம்முக்கு பெங்களூர்லருந்து ஆள் போடலாம்னு அவன் சொன்னதுக்கு, போன வாரம் சட்டையைப் பிடிச்சியே."

சௌகத் அவனை நிமிர்ந்து பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன.

"பிடிச்சேன். கொல்லணும்னா அன்னிக்கே குச்சியால மண்டையில ஒண்ணு போட்டிருப்பேன். கரெண்ட், வயரு, இதெல்லாம் எனக்கு எதுக்குண்ணே? நீங்களே என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

பாரூக் சந்தேகப்பட்டான் என்பதுதான் உண்மை.

"பவுல்ராஜ் எங்கடா?"

"பதினோரு மணிக்கு வரணும். இன்னும் வரல."

பதினோரு மணிக்கு வர வேண்டியவன். ஒருநாளும் தாமதிக்காதவன். இன்றைக்குப் பார்த்து வரவில்லை. ஸ்தனிஸ்லாஸ் போனால் முன்வரிசை யாருக்கு? பாரூக்கின் மனசு ஒரு மனிதனை விட்டு இன்னொரு மனிதன் மேல் தாவியது. அப்படித் தாவுவதை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"பாய், இங்க வாங்க. கம்பியில கரெண்ட் வருதான்னு என் கண்ணால பார்க்கணும்," என்று தங்கமுத்து கூப்பிட்டார்.

பாரூக் செத்தவனின் கிதாரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு ப்ளக்கைச் செருகினான். சிவப்போடு சிவப்பு. இன்னொரு கிதார் வழியில் ஒரு மர ஸ்டூல்மேல் வயர் மாட்டித் தயாராகக் கிடந்தது. பவுல்ராஜுடையது. பாரூக் ஒரு பல்ப் ஹோல்டரின் ஒரு வயரை ஈரத் தரையில் வைத்தான். மற்றதை அந்தக் கிதாரின் கம்பியில் வைத்தான்.

பல்ப் பளிச்சென்று எரிந்தது.

கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போனார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ ஓடி வந்தார்கள். கை முழுக்க கிரீஸ், சட்டை முழுக்க வியர்வை. பவுல்ராஜ்!

"மில் பஸ்ஸு நடுவழியில பஞ்சர்ணே. நாங்கதான் இறங்கி வீல் மாட்டினோம்... என்ன போலீஸ்..."

கீழே கிடந்தவனைப் பார்த்துவிட்டான்.

"ஸ்தனி..."

பாய்ந்தான். வழியில் இருந்த தன் கிதாரை ஒதுக்கக் கையை நீட்டினான்.

"தொடாதே!"

பாரூக் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. ப்ளக் வயரோடு அவன் கையில் பிடுங்கிக்கொண்டு வந்தது. பவுல்ராஜின் விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் நாலு அங்குலம்.

"நல்ல வேளை. இல்லேன்னா வண்டியில ரெண்டு பேரை அடுக்கியிருக்கணும்," என்றார் தங்கமுத்து.

பாரூக் பவுல்ராஜின் கால்களைப் பார்த்தான். வெறுங்கால்கள். அவன் செருப்பே போட்டதில்லை.

பிறகு ஸ்தனிஸ்லாஸின் கால்களைப் பார்த்தான்.



"சௌகத், பவுல்ராஜ் கிதாருக்கு வயர் மாட்டி வெச்சது யாரு?"

"ஸ்தனிஸ்லாஸ்தான்ணே. வந்ததும் எடுத்து வாசிக்கட்டும்னு."

"என்னிக்காவது அடுத்தவன் கிதாரை அவன் தொட்டுப் பார்த்திருக்கியா?"

சௌகத் யோசித்தான். இல்லை என்று தலையாட்டினான்.

"சார்... அந்த ஷூவைப் பாருங்க. ரப்பர் அடி. இத்தனை நாளும் தோல் செருப்புப் போட்டுத்தான் வருவான். ரப்பர் போட்டுக்கிட்டு கம்பியைத் தொட்டா ஒண்ணும் ஆகாது. ஈரத் தரையில நிக்கிற மைக்கைத் தொட்டா மட்டும் அடிக்கும். அதான் தொண்டை சரியில்லைன்னு மைக்கை விட்டுத் தள்ளியே நின்னிருக்கான்."

தங்கமுத்துவின் நெற்றி சுருங்கியது.

"என்ன பாய் சொல்ல வாரீங்க? வயரை மாத்தினது..."

"அவன்தான் சார். பவுல்ராஜுக்கு வெச்சது. பவுல்ராஜ் பதினோரு மணிக்கு வந்து, வெறுங்காலோட கிதாரை எடுத்திருந்தா கதை முடிஞ்சிருக்கும். பஸ் பஞ்சர் ஆகிப்போச்சு."

"சரி. ரப்பர் ஷூ போட்டவன் எப்படிச் செத்தான்? ஷாக்குல ஷூ கழண்டு விழுந்துச்சுன்னு நினைச்சேன்."

"கழட்டின ஷூவோட லேஸைப் பாருங்க. பதவிசா அவிழ்த்திருக்கு. ஷாக் முடிச்சை அவிழ்க்காது சார்."

பாரூக் அந்த வெறுங்காலைக் காட்டினான்.

"உபதேசியார் வளர்த்த பிள்ளை. பகல் பன்னிரண்டுக்குக் கோயில்ல மூவேளை செப மணி அடிச்சா, எங்க நின்னாலும் காலைக் கழுவாட்டியும் செருப்பைக் கழட்டிருவான். சிலுவை போட்டு செபம் சொல்லிட்டுத்தான் மறு வேலை. கொடைக்கானல்ல பாதிப் பாட்டை நிறுத்தி மேனேஜர்கிட்ட ஏச்சு வாங்கினான். இன்னிக்கும் மணி அடிச்சுச்சு. திட்டம் போட்ட புத்தி, பவுல்ராஜ் வரலையேங்கிற தவிப்புல இருந்திருக்கும். கை பாட்டுக்கு லேஸை அவிழ்த்திருச்சு. ஒரு கை கம்பியில, ஒரு கால் ஈரத்துல..."



"எதுக்கு? என்னை எதுக்குண்ணே?" என்றான் பவுல்ராஜ். குழந்தை கேட்பது போலக் கேட்டான்.

ஸ்தனிஸ்லாஸின் கிதார் பெட்டியைத் தங்கமுத்துவே திறந்தார். அடித்துணிக்குக் கீழே பாரூக்கின் டெஸ்டர் கிடந்தது. அதோடு ஒரு கவர். மெட்ராஸ் கம்பெனிக் கடிதம்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"எனக்கு இங்கிலீஷ் ஓடாது சார். அவன்தான் படிச்சுக் காட்டினான். எல்லாரும் வாங்க, நாலு பாட்டுப் பதிவு பண்றோம்னு."

தங்கமுத்து உதட்டை அசைத்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"கொடைக்கானல்ல ஒருநாள் இவனுக்குத் தொண்டை கட்டி, பவுல்ராஜ் பாடினானா?"

"ஒரே ஒரு பாட்டு சார்."

"அந்த ஒரு பாட்டுத்தான். 'இரண்டாவது கிதார் வாசிக்கும் இளைஞரின் குரலை நாங்கள் விரும்புகிறோம். நாலு பாட்டும் அவர் பாட வேண்டும். முன்னால் நிற்பவர் பாடத் தேவையில்லை. விரும்பினால் கிதார் மட்டும் வாசிக்கலாம்.' இதான் எழுதியிருக்கு."

பவுல்ராஜ் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா, நீயே பாடுடான்னு சொல்லியிருப்பேனே."

வாசலில் நிழல் தட்டியது. வெள்ளை ஜிப்பாவில் உபதேசியார் ஆரோக்கியதாஸ். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நடக்க முடியாமல் நடந்து வந்து மகன் பக்கத்தில் மண்டியிட்டார். மகனின் வெறுங்காலைத் தொட்டுப் பார்த்தார். அழவில்லை.

"கடைசி நேரத்துல எம்புள்ள என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்?"

தங்கமுத்து பாரூக்கைப் பார்த்தார். பாரூக் சௌகத்தைப் பார்த்தான். சொல்ல வேண்டியது யார்?

பவுல்ராஜ் எழுந்தான். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, பெரியவரின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"செபம் சொல்லப் போனான்ப்பா. மணி அடிச்சதும் ஷூவைக் கழட்டினான். அப்பத்தான்..."

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் அவர் அழுதார்.

தங்கமுத்து பாரூக்கின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் நின்று சிகரெட்டைப் பற்ற வைத்தார். கடிதத்தை நாலாக மடித்துத் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

"கரெண்ட் விபத்துன்னு எழுதிடுறேன் பாய். பழைய ரேடியோ, ஈரத் தரை. போதும். அந்தப் பெரியவருக்கு இதுக்கு மேல தெரிய வேணாம்."

பாரூக் கைகூப்பினான். "ரொம்பப் பெரிய மனசு சார்."

"மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கொன்னவன் ஸ்தனிஸ்லாஸ், செத்தவனும் ஸ்தனிஸ்லாஸ், காட்டிக் கொடுத்தது கோயில் மணின்னு ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, எங்க ரைட்டர் கேஸ் எழுத மாட்டார்யா... எனக்கு மெடிக்கல் லீவு எழுதுவார்!"