மொய்னோக்கின் மூச்சு

அன்று காலை காவல் நாய் மொய்னோக் ஆடுகளோடு கிளம்பவில்லை. அடுப்பருகே முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்து, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருமியது. எதுவும் வெளியே வரவில்லை.

சாய்கல், கணவாய்க்கு அப்பால் நாரின் ஊரில் இருந்த கால்நடை டாக்டருக்குப் போன் செய்தாள்.

"இதய வால்வு சரியா மூடலைன்னா ரத்தம் பின்னால போயிடும், தங்கச்சி. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். தூங்குறப்ப மூச்சை எண்ணு. நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாது."

"நாப்பத்திநாலு வருது, அக்கா."

"அப்ப இன்னைக்கே மாத்திரை வேணும்."

அவள் கணவன் எசென்பெக் குதிரையில் ஏறினான். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வெறும் டீ. நாய்க்குன்னா கணவாய் தாண்டி மருந்தா?" என்று சிரித்தான்.

"அது ஓநாயை விரட்டுது. நீ எதை விரட்டுன? சீக்கிரம் வந்து சேரு."

நண்பகலில் பனிப்புயல் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மலை, தொழுவம், பாதை என்று ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துபோக, வீட்டுக்குள் வறட்டி எரியும் புகையும் ரோமத்தின் வாடையும் நாயின் ஈர மூச்சும் மட்டுமே மிஞ்சின. விலாவில் காதை வைத்தாள். துடிப்புகளுக்கு நடுவே, ஓட்டைக் குழாயில் தண்ணீர் சீறுவதுபோல் ஒரு சத்தம். எண்ணினாள். ஐம்பத்தெட்டு. எழுபது. ஈறு நீலமாகிவிட்டது. எசென்பெக்கின் போன் அணைந்து கிடந்தது.

இரண்டு மணிக்கு மூச்சு நின்றது.

மறுபடி காதை வைத்தாள். துடிப்பு இல்லை. சீறலும் இல்லை. அழுதபடியே கம்பளியால் மூடினாள்.

ஐந்து மணிக்கு டாக்டர் கூப்பிட்டாள். "உன் வீட்டுக்காரர் இன்னும் வரலியே, தங்கச்சி. காலையிலேயே கிளம்பிட்டார்னியே?"

சாய்கல் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயர்ந்தது. தாழ்ந்தது.

"மூச்சு இப்ப எத்தனை வருது?"

நாக்கு தானாக எண்ணியது. "பதினாலு."

"அட, தேறிடுச்சே!"

கம்பளிக்குள் கையை விட்டாள். விறைத்த கால். பனிக்கட்டியாய் விலா. துடிப்பு இல்லை.

மூச்சு மட்டும்.

ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மூக்கில் மெல்லிய விசில். பதினோரு வருஷம் ஒரே போர்வைக்குள் படுத்துக் கேட்ட விசில்.

"எசென்பெக்?"

மூச்சு பாதியில் நின்றது.

கம்பளிக்கு அடியில், தலை அவள் பக்கம் திரும்பியது.